செத்துப்போன எம்.பி.யோடு சண்டை பிடித்தவர்

இருநூறு வருடத்துக்கு முந்தியே செத்துப்போன ஓர் ஆங்கிலேய அரசியல்வாதியோடு, ஜேர்மனியின் டோர்ட்மண்டில் இருந்துகொண்டு தினமும் சண்டை பிடித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரை நாங்கள் எம்.பி. அண்ணை என்போம். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

ஆஸ்பத்திரித் துணிகளைத் தோய்க்கும் ஆலை ஒன்றில் நானும் அவரும் படுக்கை விரிப்பு மடித்தோம். ஒரு முனை அவருக்கு, மறுமுனை எனக்கு. மடிக்க மடிக்கக் கிட்ட வருவோம். முகத்துக்கு முகம் வந்ததும் அண்ணை வெடிப்பார்.

"தம்பி, இருவத்தொரு வயசிலை எம்.பி.! தேப்பன் வாங்கிக் குடுத்த சீற்!"

எல்லாவற்றுக்கும் காரணம், பழைய சாமான் சந்தையில் அவர் வாங்கிய அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம். பதினெட்டாம் நூற்றாண்டு எம்.பி. ஒருவரின் வாழ்க்கை வரலாறு. எழுதினவர் அந்த ஆளைப் புகழ்ந்திருந்ததில் அண்ணைக்கு இன்னும் எரிச்சல். அந்த எம்.பி.யின் தொகுதி வாக்காளர் அத்தனை பேரையும் ஒரு வான் வண்டிக்குள் அடக்கிவிடலாம். எல்லாரும் தகப்பன் விலைக்கு வாங்கின காணியில் குடியிருந்தவர்கள். தொகுதிப் பக்கம் அவர் போனது ஒரே தரம். அதுவும் குதிரை வண்டியில் நித்திரையாகக் கடந்து போனார்.

"கட்சி மாறினதைக் கேள்! மந்திரி மாற மாற இவரும் மாறினவர். கடைசியிலை, கடலோரத்திலை கட்டவே கட்டாத வெளிச்சவீட்டுக்கு இவர் பொறுப்பதிகாரி! சாகுமட்டும் சம்பளம்!"

சொல்லிவிட்டு விரிப்பை ஓர் உதறு உதறுவார். நான் இரண்டடி பின்னுக்குப் போவேன்.

எங்கள் மேலாளர் ஒரு ஜேர்மன்காரி, நல்ல மனிசி. பாஷை புரியாமல் அண்ணையின் கொதிப்பை மட்டும் பார்த்தவர், ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, "அவரை ஏமாற்றிய அந்த உறவினர் மேல் வழக்குப் போடலாமே?" என்று கவலையோடு கேட்டார்.

ஒருநாள் எனக்கும் பொறுக்கவில்லை. "இவ்வளவு கொதிக்கிறியள், போன தேர்தலிலை ஆருக்கண்ணை போட்டனியள்?"

அண்ணையின் கையிலிருந்து விரிப்பு நழுவியது.

"எனக்கு வோட்டு இல்லையடாப்பா. ஊரிலை வயசு வரேக்கை சண்டை. ஓடி வந்திட்டன். இஞ்சை குடியுரிமை எடுக்கேல்லை. வாழ்க்கையிலை ஒருக்காலும் போட்டதில்லை."

"ஏன் எடுக்கேல்லை?"

"வந்த புதுசிலை அகதியா ஏற்கச் சொல்லி அன்ட்ராக் எழுதிப் போட்டு, ஏலாது எண்டு கடிதம் வந்தது. பிறகு விசா தந்தவங்கள்தான். எண்டாலும் திரும்பக் கேக்க வெக்கமாக் கிடக்கு."

எனக்கு வந்ததே கோபம்! எம்.பி.யில் அல்ல, அண்ணையில். முப்பது வருடமாக ஊரார் ஊத்தைத் துணி மடித்த மனிதருக்கு என்ன வெட்கம்? அன்று பின்னேரமே அவர் வீட்டுக்குப் போய் விண்ணப்பத்தை நிரப்பினோம். அலுவலகத்தில் போய்ச் சந்திக்க ஒரு டெர்மின் கிடைக்க மாதக்கணக்காகியது. குடியுரிமைப் பரீட்சையில் தேர்தல் பற்றிய கேள்விக்குச் சரியான விடையைக் குறித்துவிட்டு, கேள்வி போதாது என்று மேற்பார்வையாளருடன் வாதாடினாராம். எப்படியோ குடியுரிமை வந்தது.

முதல் தேர்தலுக்குக் கோட்டுப் போட்டு வந்தார். வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடம். மறைப்புக்குப் பின்னால் போனவர் வரவேயில்லை. வரிசை நீண்டது. அலுவலர் பெண் தொண்டையைச் செருமி, "உதவி வேண்டுமா?" என்றார்.

"நான் வாசிக்கிறேன்!" ஜேர்மன் மொழியில் உள்ளேயிருந்து அதட்டல். எல்லாப் பெயரையும் வாசித்துத்தான் வந்தார். கண் சிவந்திருந்தது.

"ஆருக்கண்ணை?" என்றேன்.

"அது ரகசியம்! உனக்குச் சொல்லவே நான் இவ்வளவு வருசம் காத்திருந்தனான்?"

இப்போது ஓய்வு பெற்று டுசல்டோர்ஃபில் மகளோடு இருக்கிறார். போன தேர்தலன்று காலையில் போன் அடித்து, "போட்டிட்டியே?" என்றார். வெளியே மழை, எனக்கோ சோம்பல். "ஓமண்ணை" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்திருக்கலாம். ஆனால் அந்த மனிதரிடம் மட்டும் எனக்குப் பொய் வராது.

"இந்தா போறன் அண்ணை" என்று காலில் போடச் சப்பாத்தைத் தேடினேன்.