புருவத்தில் ஸ்கேன் படிப்பவர்

ஸ்கேன் அறைக்குள் நோயாளியோடு ஒருவர் மட்டும் வரலாம் என்று எழுதி ஒட்டியிருப்பார்கள் அல்லவா, அந்த ஒருவராக எப்போதும் முந்திக்கொண்டு நுழைகிற இனம் ஒன்று உண்டு. திரையில் தெரிவதெல்லாம் சாம்பலும் கறுப்பும். அதை எவன் பார்ப்பான்? இவர்கள் பார்ப்பது ஸ்கேன் எடுப்பவரின் முகத்தை. புருவம் ஒரு நூல் உயர்ந்தால் போதும், வியாதியின் பெயர் முதல் மிச்சமுள்ள ஆயுள் வரை சொல்லிவிடுவார்கள்.

நம் பெரியப்பா அந்த இனத்தில் மூத்தவர். பள்ளி ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிற தம்பி மகளுக்கு முழங்காலுக்கு மேலே கல் போல ஒரு புடைப்பு. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "எலும்பு துருத்திட்டு வளர்ந்திருக்கு, சாதாரணக் கட்டியாத்தான் தெரியுது. அதுக்கு மேல மூடியிருக்கிற குருத்தெலும்பு மெல்லிசா இருந்தா பயமில்ல. ஸ்கேன்ல அளந்து பாத்துடலாம்" என்றார். அந்த ஓர் அளவுக்காக மூன்று நாளாகப் பெண்ணின் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"நான் பாத்துக்கறேன், நீ உக்காரும்மா" என்று அவளை வெளியே பெஞ்சில் இருத்திவிட்டுப் பெரியப்பா உள்ளே போனார். கட்டில் விளிம்பில் இரு கைகளையும் ஊன்றி, எக்கி எக்கி, ஸ்கேன் எடுத்த பெண்ணின் முகத்தையே பார்த்தார். அவள் படத்தை நிறுத்தினாள். அளந்தாள். உதட்டைச் சுழித்தாள். அழித்துவிட்டு மறுபடி அளந்தாள். மூன்றாம் தடவை பெருமூச்சே விட்டாள். வேறென்ன வேண்டும்? பெரியப்பா வெளியே வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான். அம்மா பெஞ்சிலேயே சரிந்து அழுதாள்.

உள்ளே மகள் கேட்டாள்: "ஏங்க்கா மூணு தடவை அளந்தீங்க?"

"உங்க பெரியப்பா கட்டிலை ஆட்டிக்கிட்டே இருந்தாரும்மா, படம் நிக்கல. அவர் போனதும் ஒரே தடவையில வந்துடுச்சு. ரெண்டு மில்லிமீட்டர்தான்."

டாக்டரும் அதையேதான் சொன்னார். ரொம்ப மெல்லிசு, பயப்பட ஒன்றுமில்லை, தாராளமாக ஓடட்டும் என்று சிரித்தபடி சொன்னார். அம்மா டாக்டரைப் பார்க்கவில்லை, பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் வாசலுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி, "அந்தச் சிரிப்பப் பாத்தியா? நம்ம மனசு நோகக்கூடாதுன்னு சொல்றாரு" என்றார். ஓட்டக் காலணி அன்றே பரணுக்கு ஏறியது. பாவம், அந்தப் பெண் காலில் ஒரு குறையுமில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். போன முறை உங்கள் வீட்டார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, "ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டார்" என்றபோது, "மூஞ்சிய எப்படி வச்சிக்கிட்டுச் சொன்னார்?" என்று கேட்டது யார்?