ஹெட்மாஸ்டர் கலிண்டேவுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்துகள்

'பென்சிலின் ஆகாது' என்று அட்டையிலேயே சிவப்பு மையில் எழுதி, அடியில் மூன்று கோடு போட்டிருந்த சுகாதாரப் புத்தகத்தை எனெலெசி நான்காவது முறையாகப் புரட்டினாள். உள்ளே எங்காவது விவரம் இருக்கும் என்ற நப்பாசைதான். மலேரியா இருந்தது, 2009-இல் பல் பிடுங்கியது இருந்தது, கண்ணாடி நம்பர் இருந்தது. பென்சிலின் ஏன் ஆகாது, சாப்பிட்டதும் என்ன ஆயிற்று என்று ஒரு வரி இல்லை.

"யார் மாமா இதை எழுதினது?"

"நான்தான். டாக்டருங்க கையெழுத்து யாருக்குப் புரியுது?"

மாமா கலிண்டே முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்து, ஹெட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபோது பள்ளிக்கூடம் அவரை விட்டது. சிவப்புப் பேனாவை அவர் விடவில்லை. சட்டைப்பையில் அது எப்போதும் இருக்கும். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட திருத்தி, மார்க் போட்டுத் திருப்பி அனுப்புகிற ஆள்.

இப்போது அவருடைய இடது கால், கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் பப்பாளி மாதிரி வீங்கி, தொட்டால் சுட்டது. மண்வெட்டி கீறின சின்னக் காயம், நாலு நாள் கவனிக்காமல் விட்டதில் சீழ்க்கிருமி உள்ளே இறங்கிவிட்டது. டோவா மாவட்டத்தில் அந்தக் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் எனெலெசி ஒருத்திதான் நர்ஸ். அவளுடைய மருந்து அலமாரியில் இந்தக் காலுக்கென்றே செய்த மாதிரி மருந்து மூன்று பெட்டி நிறைய இருந்தது. மூன்றும் பென்சிலின் குடும்பம்.

எரிச்சல் அதோடு முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை எனெலெசிக்கு நிச்சயதார்த்தம். அவர்கள் வழக்கத்தில் பெண் வீட்டுத் தாய்மாமன் பெட்டைக்கோழியையும் மாப்பிள்ளை வீட்டுத் தாய்மாமன் சேவலையும் கொண்டுவந்து கைமாற்றினால்தான் நிச்சயம். அப்பா இருந்தும் பயனில்லை, பாதிரியார் வந்தும் பயனில்லை. அவளுக்கு இருப்பது ஒரே ஒரு தாய்மாமன், அவருக்கு நிற்க முடிகிற கால் ஒன்றே ஒன்று.

மருந்தைக் கொடுத்துப் பார்ப்போமே என்று மாப்பிள்ளை வைசன் தலைநகர் லிலோங்வேயிலிருந்து போனில் சொன்னான். முப்பது வருஷத்துக் கதை, இந்நேரம் உடம்பே மறந்திருக்கும் என்றான்.

"உடம்பு மறக்காம இருந்துச்சுன்னா? பத்து நிமிஷத்துல தொண்டை வீங்கி மூச்சு நின்னுடும். கோழி மாத்த வர்றவங்க சவப்பெட்டி தூக்கிட்டுப் போவாங்க. பரவாயில்லையா?"

மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டரையும் கேட்டாள். பென்சிலினுக்குப் பங்காளி முறையாகும் இன்னொரு ஊசி உண்டு, ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் அதையும் தொட வேண்டாம் என்றார் அவர். விவரத்தைக் கேட்டு வாங்கு. அது மருந்தால் வந்ததே இல்லை என்று உறுதியானால் இங்கே அழைத்து வா, ஒவ்வாமையை முறிக்கிற ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு பென்சிலினைச் சின்ன அளவு கொடுத்துப் பார்ப்போம். அதுவரைக்கும் வேறு மருந்து கொடு என்றார்.

எனெலெசி நீலப் பேனாவால் சிவந்த இடத்தைச் சுற்றி எல்லைக்கோடு வரைந்தாள். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினால் ஆபத்து என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, எரித்ரோமைசின் மாத்திரையைக் கொடுத்தாள். வயிறு நிறைய களி சாப்பிட்டுவிட்டுப் போடச் சொன்னாள். மாமா வெறும் வயிற்றில் போட்டார். மருந்து சுத்தமான வயிற்றில்தான் வேலை செய்யும் என்பது அவர் கட்சி. இரண்டு நாள் விடாமல் வாந்தி. மாத்திரை போன வேகத்திலேயே திரும்பி வந்தது.

புதன்கிழமை புத்தகத்தைத் திறந்தால், அட்டையில் இரண்டாவது வரி ஏறியிருந்தது. 'எரித்ரோமைசின் ஆகாது.' கீழே மூன்று கோடு.

"மாமா, வாந்தி வர்றது ஒவ்வாமை இல்ல. வயித்தைப் புரட்டுறது அந்த மாத்திரையோட குணம். ஒவ்வாமைன்னா உடம்பெல்லாம் தடிப்பு வரும், உதடு கண்ணு வீங்கும், மூச்சு இழுக்கும். சும்மா சும்மா எழுதி வெச்சா, நாளைக்கு உசிருக்கு வேணுங்கிற மருந்தை எவனும் குடுக்க மாட்டான்."

"நம்ம ரெண்டு பேர்ல வாத்தியார் யாரு?" என்று கேட்டார் மாமா.

சிவப்பு, கோட்டை ஒரு விரல்கடை தாண்டியிருந்தது. எனெலெசி புதுக் கோடு வரைந்தாள். அடுத்தது டாக்ஸிசைக்ளின். வெயிலில் உட்காராதீர்கள், இந்த மருந்துக்கும் வெயிலுக்கும் ஆகாது என்று மூன்று முறை சொன்னாள். அத்தையையும் ஒரு முறை திருப்பிச் சொல்ல வைத்தாள். மாமாவும் தலையை ஆட்டினார். அவள் போனதும் முற்றத்தின் நட்டநடுவில் பாய் விரித்து, காலை நீட்டி, நிச்சயதார்த்தக் கோழியைக் காவல் காக்க உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு நாயின்மேல் அவருக்குச் சந்தேகம். இரண்டு பகல் முழுக்க நாயைப் பார்த்துக்கொண்டிருந்ததில் முகமும் கையும் தீயாய் எரிந்து, மூக்குத்தோல் உரிந்துபோயிற்று. நாய் அந்தப் பக்கமே வரவில்லை.

அட்டையில் மூன்றாவது வரி, காலில் மூன்றாவது நீலக் கோடு.

"வெயில்ல உக்காராதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே மாமா."

"உன் கல்யாணக் கோழியத்தானே பாத்துக்கிட்டேன்? நன்றி கெட்டவ."

எனெலெசி சுகாதார நிலையத்துக்குத் திரும்பினாள். மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பெட்டி பெட்டியாய் இருந்த பென்சிலினைப் பார்த்துக் கொஞ்சம் அழுதாள். நிச்சயதார்த்தம் நின்றுவிடும் என்ற பயம் போய், மாமாவே போய்விடுவாரோ என்ற பயம் அவளுக்கு வந்திருந்தது. சின்ன வயதில் அவளுக்குப் பள்ளிக்கூடச் சீருடை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

வைசன் லிலோங்வே கடைவீதி முழுக்க அலைந்து கிளிண்டாமைசின் வாங்கி மினிபஸ்ஸில் அனுப்பினான். அதைப் போட்ட மறுநாளே மாமாவுக்கு வயிறு கழன்றுகொண்டது. கழிப்பிடம் தோட்டத்தின் கோடியில். ஒற்றைக் காலோடு ஒரு நாளைக்குப் பதினோரு நடை. அத்தை தோள் கொடுத்துத் தோள் கொடுத்து, கடைசியில் அவளுக்கும் இடுப்புப் பிடித்துக்கொண்டது. அட்டையில் நாலாவது வரிக்கு இடம் போதாமல் மாமா பின்பக்கம் எழுதினார். எழுதினதுதான் எழுதினோம் என்று ஆஸ்பிரின், அவித்த முட்டை, பக்கத்து வீட்டுச் சோப்பு மூன்றையும் சேர்த்துவிட்டார்.

இனி அந்த விவரத்தை வாங்காமல் முடியாது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு பென்சிலின் போட்டதும் என்ன ஆச்சு மாமா?"

"அரிப்பு. சாவு அரிப்பு."

"எந்த இடத்துல?"

மாமா கூரையைப் பார்த்தார்.

"உடம்புல."

"உடம்புல எங்க?"

"உடம்புன்னா உடம்புதான். தாய்மாமன்கிட்ட ஒரு பொண்ணு கேக்கிற கேள்வியா இது?"

அங்கேதான் முட்டுக்கட்டை. தாய்மாமனும் மருமகளும் உடம்பைப் பற்றிப் பேசுவது அந்த ஊரில் நடக்காத காரியம். முழங்காலுக்கு மேலே போகிற எந்தப் பேச்சும் முறைகேடு. அவர் காலைக் காட்டினதே நர்ஸ் உடுப்புக்குக் கொடுத்த சலுகை. அத்தையைக் கேட்டால், அது தன் கல்யாணத்துக்கு முந்தின கதை, தன்னிடமும் இடத்தைச் சொன்னதில்லை என்றாள். எனெலெசி சுகாதார நிலையத்துக் காவலாளியை ஆம்பளைக்கு ஆம்பளை பேசச் சொல்லி அனுப்பினாள். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவனோடு இதைப் பற்றிப் பேச முடியாது, கேள்வியை எழுத்தில் கொடுக்கச் சொல் என்று பதில் வந்தது.

அவளும் எழுதினாள். என்ன செய்வது? ஒரு தாளில் ஆறு கேள்வி. அரை மணி நேரத்தில் தாள் திரும்பி வந்தது. எவ்வளவு நேரத்தில் அரித்தது என்பதற்கு 'உடனே.' எங்கே அரித்தது என்பதற்கு 'முன்பே சொல்லப்பட்டது.' தடிப்பு வந்ததா என்பதற்கு 'நான் பார்க்கக்கூடிய இடம் அன்று.' உதடு வீங்கியதா, மூச்சு இழுத்ததா என்பவற்றுக்கு 'பாடத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்வி.' கடைசிக் கேள்வியை அவர் தொடவே இல்லை. மூலையில் அவளுடைய கையெழுத்துக்குப் பத்துக்கு ஆறு போட்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் சிவப்பு, மூன்றாவது கோட்டையும் தாண்டி முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. ஜுரத்தில் மாமாவுக்குப் பல் கிட்டியது. மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் கேட்டால், வண்டி வேறு ஊருக்குப் போயிருக்கிறது, மாலைதான் வரும் என்றார்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்றது.

வந்தவர் வைசனின் தாய்மாமன், இன்ஸ்பெக்டர் சகுண்டா. சேவல் கொண்டுவர வேண்டியவர். இதற்கு முன் எல்லாம் போனிலும் தரகர் மூலமும் நடந்ததால், இரண்டு மாமன்களும் நேரில் பார்த்துக்கொள்வது இதுதான் முதல் தடவை. கசுங்கு பக்கம் திருடர்கள் அவர் பேரைச் சொன்னாலே இரண்டு தெரு தள்ளிப் போவார்களாம். நோயாளியைப் பார்த்து நலம் விசாரித்து, நாளைத் தள்ளிப் போடலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். ஆள் கட்டிலின் அருகே நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திரைக்குப் பின்னால் எனெலெசி உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தாள்.

மாமா ஜுரத்திலும் விறைப்பாகப் பேசினார். நாள் தள்ளாது என்றார். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ஒரு மாதமாக விசாரித்ததாகவும், மூன்று தலைமுறை தோண்டியும் ஒரு குறை அகப்படவில்லை என்றும் சொன்னார்.

"ஒரே ஒரு போக்கிரி அகப்பட்டிருந்தாலும் பொண்ணு இல்லைன்னு சொல்லியிருப்பேன். அதுல எனக்கு முகதாட்சண்யமே கிடையாது."

"அதுவும் சரிதான் சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

மருந்து இருந்துமா இப்படி என்று அவர் கேட்டதும், மாமா புத்தகத்தின் அட்டையைக் காட்டினார். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் கசுங்கு பக்கம் மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்தபோது நடந்ததைச் சொன்னார். பல்வலிக்கு பென்சிலின் மாத்திரையை விழுங்கிவிட்டு நேரே ஏழாம் வகுப்புக்குள் போயிருக்கிறார். வருகைப் பதிவேட்டை எடுத்து வாசிக்க உட்கார்ந்திருக்கிறார். பாதிப் பேர் பெயரைக் கூப்பிடுவதற்குள் மருந்து வேலையைக் காட்டிவிட்டது. நாற்பது பிள்ளைகள் முன்னால் குதித்துக்கொண்டே ஓடி, மாட்டுத் தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தாராம். அன்றைக்கு எடுத்த பேனாதான் இது என்று சிவப்புப் பேனாவைத் தட்டினார்.

இன்ஸ்பெக்டர் மடியிலிருந்த தொப்பியை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். நெற்றி முழுக்க வியர்வை. கட்டிலுக்கு வெளியே தெரிந்த வீங்கின காலையும், அதில் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்த மூன்று நீலக் கோடுகளையும் வெகு நேரம் பார்த்தார்.

"அது எந்த மிஷன் பள்ளிக்கூடம் சார்?"

மாமா பெயரைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் கண்ணை மூடித் திறந்தார்.

"அரிச்சது... உக்கார்ற இடத்துலதானே சார்?"

திரைக்குப் பின்னால் கரண்டிச் சத்தம் நின்றது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். மாமாவுக்கு முகம் கறுத்துப்போயிற்று. முப்பத்தோரு வருஷமாகப் பெண்டாட்டிக்கே சொல்லாத இடம் அது.

"அது உமக்கு எப்படித் தெரியும்?"

இன்ஸ்பெக்டர் எழுந்து, தண்டனைக்கு நிற்கிற பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

"அன்னைக்கு உங்க நாற்காலியில பட்டா அரிக்கிற பூனைக்காலிக் காய்ச் சுணையைக் கொட்டினது நான்தான் சார், பொண்ணு குடுக்கிறதும் குடுக்காததும் அப்புறம், ஜீப் வெளிய நிக்குது, முதல்ல ஆஸ்பத்திரிக்கு ஏறுங்க."