அன்னக்கொடிக்குப் போன ஓ.டி.பி.

கல்யாண அண்டாவில் ‘அன்னக்கொடி நினைவாக’ என்று பெயர் வெட்டியிருந்தது. கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் அதைக் கொண்டுவந்து அப்துல் வஹீதின் பாத்திரக்கடை மேசையில் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

“பொண்ணு உசுரோட இருக்கு பாய். யாரு இந்த அன்னக்கொடி?”

“காலையில கோயிலுக்குக் குடம் வாங்குன பார்ட்டிண்ணே,” என்றான் பெயர் வெட்டும் ஜெயபாண்டி. “அந்தப் பேரு கம்ப்யூட்டர்லயே நின்னுபோச்சு.”

எல்லாரும் கடைக்குக் கம்ப்யூட்டர் போட்டுக்கொடுத்த வசுந்தராவைப் பார்த்தார்கள். போன வருடம்வரை நாகமலை புதுக்கோட்டையில் பள்ளி ஆசிரியை. இப்போது விசிட்டிங் கார்டில் ‘டிஜிட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன் கன்சல்டன்ட்’. வேலையை விட்ட அன்று, “உங்க நாற்காலி காலியாவே இருக்கும், எப்ப வேணா வாங்க” என்று தலைமையாசிரியை சிரித்த சிரிப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இதுதான் முதல் கடை. வஹீது பாய் நல்ல வார்த்தை சொன்னால் அடுத்த கடை. இல்லையென்றால் அந்த நாற்காலி.

“சிஸ்டம் மேல தப்பில்ல. பழைய பேரை அழிக்காதது யாரு? கையத் தூக்குங்க.”

ஜெயபாண்டி தூக்கினான். பயத்தில் தாய்மாமனும் தூக்கினார்.

அன்றே திருத்தம் செய்தாள். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பெயர் அடித்தால்தான் பில் வரும். மறுநாள் காலையில் ஒருவர் ஒற்றைக் கரண்டி வாங்க வந்தார்.

“பேரு சொல்லுங்கண்ணே,” என்றான் ஜெயபாண்டி.

“கரண்டிக்கு எதுக்குப்பா? பேரு வேணாம்.”

கரண்டியில் ‘பேரு வேணாம்’ என்று அழகாக விழுந்தது.

வசுந்தரா அசரவில்லை. பாத்திரத்தில் யார் பெயரோ, அவர் போனுக்கு ஓ.டி.பி. போகும், அவர் அந்த எண்ணைச் சொன்னால்தான் மிஷின் வெட்டும் என்று மாற்றினாள். மதியம் அன்னக்கொடியின் மகன் குத்துவிளக்கு வாங்க வந்தார். அதே பெயர், அதே ‘நினைவாக’.

“உங்கம்மா ஓ.டி.பி. சொல்லணும்,” என்றாள் வசுந்தரா.

“அவுக தவறி ஒரு வருசமாச்சு டீச்சர்.”

“கன்சல்டன்ட். அவங்க நம்பர் இருக்குல்ல?”

அந்த நம்பர் இப்போது திருவாதவூர்க்காரர் ஒருவரிடம் இருந்தது. போன் போட்டு, விளக்கு விஷயத்தைச் சொல்லி ஓ.டி.பி. கேட்டாள். “என் நினைவா எதுக்குய்யா விளக்கு வைக்கிறீக? நான் உரக்கடைக்குப் போய்க்கிட்டிருக்கேன்,” என்று அவர் கத்தியது கடை முழுக்கக் கேட்டது.

வஹீதின் மகன் சாஜித், கம்ப்யூட்டர் வேண்டுமென்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றவன், எழுந்துபோய் மிஷின் ஒயரைப் பிடுங்கினான்.

“அத்தா, பழையபடி ஜெயபாண்டி அண்ணனே கையால வெட்டட்டும். இனி கம்ப்யூட்டர் பேச்சே எடுக்க மாட்டேன்.”

வசுந்தரா லேப்டாப்பை மூடினாள். தலை மட்டும் குனியவில்லை.

“பாடம் சரியான பாடம் பாய். பசங்கதான் சரியில்ல. இன்னும் நூறு கடைக்குப் போவேன்.”

“போகணும்மா,” என்றார் வஹீது. முகத்தில் கோபத்தின் சாயலே இல்லை. “உங்க வேலையில எனக்கு ஒரு குறையும் இல்ல. அடுத்த தெரு இரும்புக்கடை கண்ணுச்சாமிகிட்ட சொல்லிட்டேன். இப்பவே போங்க.”

தெருவில் நடந்துகொண்டே தலைமையாசிரியைக்குப் போன் போட்டாள். “அந்த நாற்காலிய வேற யாருக்காச்சும் குடுத்துருங்க மேடம். எனக்கு இங்க கிராக்கி கூடிப்போச்சு.”

இரும்புக்கடை வாசலிலேயே கண்ணுச்சாமி கும்பிட்டு வரவேற்றார். உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“வாங்கம்மா. என் மகனுக்கும் இந்தக் கம்ப்யூட்டர் கிறுக்குத்தான் புடிச்சிருக்கு. பாய் மகனுக்குத் தெளிய வச்ச மாதிரி, இவனுக்கும் தெளிய வச்சுட்டுப் போங்க.”