வினாடிக்குத் தொள்ளாயிரத்து நாற்பது சுவர்

பினாங்குத் தீவு உலகத்துக்கு அளித்த கொடைகளில், நாசி கண்டார் சோற்றுக்கு அடுத்தபடியாகச் சொல்லத்தக்கது ஒன்று உண்டு. ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டின் பதினோராவது மாடியில், யுகேந்திரன் என்ற தனிமனிதர் ஒரு சுவரை வினாடிக்குத் தொள்ளாயிரத்து நாற்பது முறை பார்த்தார். செங்கல் சுவர். அதுவும் நிஜச் சுவர் அல்ல. 'கோப்ரா பங்கர்' என்ற, வயது இருபது தாண்டிவிட்ட சுடும் விளையாட்டின் முதல் நிலையில், வாசலுக்கு இடப்பக்கம் நிற்கிற சுவர்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் திரை ஒரு வினாடியில் எத்தனை படம் காட்டுகிறதோ, அதற்கு அத்தனை 'ஃபிரேம்' என்று பெயர். அறுபது இருந்தால் மனுஷன் கண்ணுக்குத் தாராளம் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் வாழ்க்கையில் லட்சியம் இல்லாதவர்கள். யுகேந்திரன் கடலுக்கு அக்கரையில், புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு சூப்பர்வைசர். எண் ஏறியிருந்தால் சிரிப்பார், இறங்கியிருந்தால் மீட்டிங் போடுவார். அந்த நல்ல பழக்கத்தைத் தினமும் பாலம் தாண்டி வீட்டுக்கும் கொண்டுவந்தார். அதன் பலனாகப் புத்தம் புதிய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று வீட்டுக்கு வந்தது. மூன்று விசிறி, தூக்கினால் கை வலிக்கும் கனம்.

தனியாக மகிழ்வது நம் பண்பாடு இல்லையே! உடனே 'பினாங்கு மாநிலப் பழைய சுடும் விளையாட்டுகள் ஃபிரேம் வளர்ச்சிக் கழகம்' உதயமானது. தலைவர் யுகேந்திரன். செயலாளர், கீழ்மாடியில் குடியிருக்கும் இன்சூரன்ஸ் குமாஸ்தா பெஞ்சமின். பொருளாளர், யுகேந்திரனோடு வேலை செய்யும் கார்த்திகேசு. சாதாரண உறுப்பினர் பதவிக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை.

கார்டுக்கு உரிய மரியாதை செய்தார்கள். புதுக் கார் வாங்கினால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். கார்டுக்கு டயர் இல்லாததால் கம்ப்யூட்டர் பெட்டியின் நாலு மூலையிலும் வைத்தார்கள். கார்த்திகேசு பக்திப் பெருக்கில் கை நிறைய விபூதி எடுத்துக் கார்டின் மேல் பூசப் போக, அந்த நேரம் பார்த்து மூன்று விசிறியும் சுற்ற ஆரம்பித்தன. ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் நெற்றி மட்டுமல்ல, மூக்கு, காது, பல் எல்லாவற்றிலும் அருள் கிடைத்தது. கத்தோலிக்கரான பெஞ்சமினும் தப்பவில்லை. "பரவால்லண்ணே, எந்தச் சாமியா இருந்தா என்ன," என்று அவர் பெருந்தன்மையாகத் தும்மினார்.

ஆய்வு தொடங்கியது. முதலில் எழுநூறுதான் வந்தது. மூவரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் பெஞ்சமினுக்கு ஞானம் பிறந்தது. சிப்பாயைத் திறந்தவெளி பார்த்து நிறுத்தினால் மரம், வானம், எதிரி என்று எல்லாவற்றையும் கார்டு வரைந்தாக வேண்டும். பாவம், வேலை அதிகம். மூக்கு ஒட்டும்படி சுவரைப் பார்த்து நிறுத்திவிட்டால்?

"அண்ணே! தொள்ளாயிரத்து நாப்பது!"

"திரும்பாதே பெஞ்சமின்! யாரும் மவுஸைத் தொடாதீங்க!"

அன்று முதல் கழகத்தின் சிப்பாய் திரும்பவே இல்லை. முதுகுக்குப் பின்னால் எதிரிகள் வந்து சாவகாசமாகச் சுட்டுவிட்டுப் போனார்கள். செத்தான். எழுப்பி மறுபடியும் சுவரைப் பார்க்க நிறுத்தினார்கள். தியாகம் இல்லாமல் வளர்ச்சி ஏது?

இந்த மகத்தான பணியில் ஒரே ஒரு இடைஞ்சல்தான். தலைவரின் மனைவி ஜெகதீஸ்வரிக்கு ஆராய்ச்சி மனப்பான்மை போதாது. அவளுக்கு விளையாட வேண்டுமாம்.

சொல்லப்போனால் அவர்கள் கல்யாணத்தைச் செய்து வைத்ததே 'கோப்ரா பங்கர்'தான். சிம்பாங் அம்பாட்டில் அப்போது ஒரு சைபர் கஃபே இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டத்தில், யாரோ ஒருத்தர் யுகேந்திரனைச் சாகவிடாமல் திரும்பத் திரும்பக் காப்பாற்றிக்கொண்டே வந்தார். யாரப்பா இந்தப் புண்ணியவான் என்று எட்டிப் பார்த்தால், அடுத்த மேசையில் ஃபேக்டரி யூனிஃபார்மில் ஒரு பெண். "கண்ணை மூடிக்கிட்டா சுடறீங்க?" என்று கேட்டாள். மனுஷன் அங்கேயே விழுந்துவிட்டார்.

கடைசி நிலையில் ஒரு பெரிய இரும்புக் கதவு. இரு பக்கமும் ஒவ்வொரு பிடி. இரண்டு பேர் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் திறக்கும். இருவரும் அந்தக் கதவு முன்னால் போய் நின்ற தருணத்தில், கடைக்காரர் "மூடற நேரமாச்சுலா" என்று மெயின் ஸ்விட்சை இறக்கினார். அடுத்த வாரம் போனால் சைபர் கஃபே இல்லை, துணி துவைக்கிற டோபிக் கடை இருந்தது. பிறகு கல்யாணம், வீடு, வேலை. கதவு மூடியபடியே நின்றுவிட்டது.

"பத்தாவது கல்யாண நாளுக்கு என்ன வேணும், கேளு," என்று போன வருடம் யுகேந்திரன் மனைவியிடம் கேட்டார்.

"நகை வேணாம், லங்காவி டிரிப் வேணாம். அந்தக் கதவைத் தொறக்கணும். நாம ரெண்டு பேரும். அவ்ளோதான்."

யுகேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். கார்டு வாங்கியதற்கு வீட்டில் சொன்ன காரணமே அந்தக் கதவுதான்.

கார்டு வந்தும் கதவு திறக்கவில்லை. கார்டின் திறமைதான் காரணம். அந்த விளையாட்டை எழுதிய காலத்தில் அறுபது ஃபிரேமைத் தாண்டி எவனும் யோசித்ததில்லை. தொள்ளாயிரத்தில் ஓடவிட்டால் அதற்குத் தலை சுற்றிவிடுகிறது. சிப்பாய் ஒரு படி ஏறினால், மொட்டை மாடியிலிருந்து குதித்துவிட்டான் என்று கணக்குப் போட்டு ஆளைச் சாகடித்துவிடுகிறது. ஜெகதீஸ்வரி தன் ஆபீஸ் லேப்டாப்பிலிருந்து கோட்டைக்குள் ஓடுவாள். திரும்பிப் பார்த்தால் கணவர் முதல் படியிலேயே மல்லாந்து கிடப்பார்.

"என்னங்க, மறுபடியும் படுத்துட்டீங்க?"

"நான் படுக்கல ஜெகா. கேம் பழசு. நம்ம வேகத்தை அதால தாங்க முடியல."

"அப்போ வேகத்தைக் குறைங்க. அறுபதுல வெக்கறதுக்கு ஒரு செட்டிங் இருக்குல்ல?"

"ஒரு தலைவர் வீட்டுல அறுபதுல ஓடுதுன்னு வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்? யோசிச்சுப் பேசு."

இப்படியே ஒரு வருடம் ஓடிப் பத்தாவது கல்யாண நாளும் வந்தது. கழகத்தின் 'அதிவேகச் சாதனை விழா'வும் அதே நாளில்தான் வந்தது. சிறப்பு விருந்தினர், அரசுப் பட்டம் பெற்ற டத்தோ தயாளனுக்கு அந்தச் சனிக்கிழமை மட்டும்தான் ஓய்வாம். "மத்தியானம் விழா. முடிஞ்ச கையோட கதவு. சத்தியம்," என்றார் யுகேந்திரன். ஜெகதீஸ்வரி விருந்தாளிகளுக்கு மீ ஹூன் நூடுல்ஸ் பிரட்டப் போனாள். பெஞ்சமினின் மனைவி லினெட் கூடமாட உதவிக்கு வந்திருந்தாள்.

விழா முறைப்படி நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். டயர் கடை வைத்து முன்னுக்கு வந்த டத்தோவுக்கு மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். கம்ப்யூட்டர் பெட்டிக்கும் ஒரு பொன்னாடை போர்த்தியதில் காற்றுப் போக வழியில்லாமல் சூடேறி ஃபிரேம் சரியத் தொடங்கியது. பதறிப்போய் அதை உருவி, அதையும் டத்தோவுக்கே போர்த்திவிட்டார்கள். டத்தோ சிறப்புரை ஆற்றினார். ஃபிரேம் என்றதும் போட்டோ ஃபிரேம் என்று எடுத்துக்கொண்டு, தாத்தா பாட்டி படங்களை வீட்டில் மாட்டி வைப்பதன் அவசியத்தை உருக்கமாக எடுத்துரைத்தார். கார்த்திகேசு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு திரையைத் திறந்து வைத்தார்கள்.

டத்தோ உற்றுப் பார்த்தார். "என்னய்யா, வெறும் சுவரா தெரியுது?"

"மூலையில நம்பரைப் பாருங்க டத்தோ," என்றார் பெஞ்சமின், குரல் தழுதழுக்க. "தொள்ளாயிரத்து நாப்பது."

"சரி. ஆனா சுவராதானே இருக்கு?"

"திரும்பினா நம்பர் கொறஞ்சிடும் டத்தோ," என்று யுகேந்திரன் விளக்கினார்.

டத்தோ வியாபாரி. பொருளைத் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டார். யாரும் தடுப்பதற்குள் மவுஸைப் பிடித்துச் சிப்பாயைத் திருப்பிவிட்டார். எண் எழுநூறுக்கு விழுந்தது. கார்த்திகேசு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். டத்தோ உற்சாகமாகச் சிப்பாயை நடத்திக்கொண்டு போய் ஒரு படி ஏற்றினார். சிப்பாய் "ஆ!" என்று கத்திவிட்டுச் செத்தான்.

"அலமா! யாரு சுட்டா?"

"யாரும் சுடல டத்தோ. படி ஏறினான், அதான்."

"படி ஏறினா சாவானா?"

"நம்ம பர்ஃபார்மன்ஸ் அப்படி," என்றார் பெஞ்சமின் பெருமையாக.

"அப்போ எப்படிய்யா வெளையாடறது?"

கழகம் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. செயலவையில் ஒருமுறைகூட எழாத கேள்வி அது. அடுப்படி வாசலில் நின்றிருந்த ஜெகதீஸ்வரிதான் பதில் சொன்னாள்.

"அறுபதுல வெச்சா வெளையாடலாம் டத்தோ. ஒரு கிளிக்தான். ஒரு வருஷமா நானும் சொல்லிட்டிருக்கேன்." கணவர் பக்கம் திரும்பினாள். "இப்ப வைங்களேன். கடைசி நெலைதான், பத்து நிமிஷம். இன்னிக்கு நம்ம நாளு."

யுகேந்திரன் ஒன்றும் கல் நெஞ்சக்காரர் இல்லை. அவருக்கும் ஆசை இருந்தது. அந்தக் கதவு முன்னால் இவளோடு நிற்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. கை மவுஸ் வரைக்கும் போய்விட்டது.

"தலைவரே," என்று பெஞ்சமின் காதில் கிசுகிசுத்தார், "வீடியோ ஓடிட்டிருக்கு. ஃபேஸ்புக்ல லைவ்."

கை திரும்பி வந்தது. "விழா முடியட்டும் ஜெகா. எல்லாரும் பாக்கறாங்க."

"நானும்தாங்க பாக்கறேன்," என்றாள் அவள். லினெட்டைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்விட்டாள்.

வந்த காரியத்தைக் கழகம் தொடர்ந்தது. சிப்பாயை எழுப்பிச் சுவரைப் பார்க்க நிறுத்தினார்கள். எண் பழைய நிலைக்கு வந்ததும் கைதட்டினார்கள். கார்த்திகேசு நன்றியுரை தொடங்கினார். கார்டுக்கு நன்றி, அதைச் சுமந்து வந்த பெட்டிக்கு நன்றி, மின்சாரத்துக்கு நன்றி என்று வரிசையாகப் போய், சுவருக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தபோது, படுக்கையறையிலிருந்து ஐயோ என்று ஓர் அலறல்!

எல்லாரும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். உள்ளே லினெட் கட்டிலின் மேல் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்தாள். அன்று காலை வரை அவள் மவுஸைப் பிடித்தது கரண்டு பில் கட்டுவதற்கு மட்டும்தான். கட்டிலில் இரண்டு பழைய லேப்டாப்புகள் கிடந்தன. ஒன்று ஜெகதீஸ்வரியின் ஆபீஸ் லேப்டாப், இன்னொன்று லினெட்டின் மகன் பள்ளிப்பாடம் செய்வது. இரண்டு திரையிலும் இரும்புக் கதவு விரியத் திறந்திருந்தது. அதற்கு அப்பால் கடலும், விடியற்காலை வெளிச்சமும், மேலே போய்க்கொண்டிருக்கும், விளையாட்டை எழுதியவர்களின் பெயர்களும்.

"இந்த கேமுக்கு முடிவெல்லாம் இருக்கா?" என்றார் கார்த்திகேசு.

"அக்கா முன்னால போனாங்க, நான் பின்னாலயே போனேன். இழுன்னாங்க, இழுத்தேன்!" என்று லினெட் மூச்சு வாங்கினாள். டத்தோ மனம் நெகிழ்ந்து தன் மேலிருந்த இரண்டு பொன்னாடையில் ஒன்றைக் கழற்றி லினெட் கையில் கொடுத்து, ஜெகதீஸ்வரிக்குப் போர்த்தச் சொன்னார்.

யுகேந்திரன் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும். அவர் வாய் பழக்கப்பட்டதைத்தான் சொன்னது.

"எத்தனை ஃபிரேம் வந்துச்சு?"

ஜெகதீஸ்வரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "தெரியல. நம்பரைப் பாக்கல. நான் கதவைத்தான் பாத்துட்டிருந்தேன்."

ஃபிரேம் தெரியாத வெற்றியை ஏற்க விதிமுறையில் இடமில்லை என்று செயலவை அங்கேயே நின்றபடி ஏகமனதாகத் தீர்மானித்தது. பிறகு மீ ஹூன் சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் எல்லாரும் போனபின் யுகேந்திரன் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு, கழகத்துக்குத் தெரியாமல், அந்தச் செட்டிங்கைத் தேடிப் போனார். அறுபது. ஒரே கிளிக். சிப்பாய் படி ஏறினான், சாகவில்லை. ஐயா வாய்விட்டுச் சிரித்தே விட்டார்.

"ஜெகா! வெச்சுட்டேன்! அறுபதுல வெச்சுட்டேன், வா! இப்ப போலாம்!"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "எங்கங்க போறது? அதான் முடிச்சாச்சே. நானும் லினெட்டும் கர்னி டிரைவ் கடற்கரை வரைக்கும் போறோம். ரெண்டாம் பாகம் வந்திருக்காம், எங்க லேப்டாப்புல ஓடுமான்னு பேசணும். மிச்ச மீ ஹூன் அடுப்புல இருக்கு."

லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டது. யுகேந்திரன் மெதுவாக வந்து உட்கார்ந்து, கடைசி நிலையைத் திறந்து, இரும்புக் கதவு வரைக்கும் போனார். இடப்பக்கத்துப் பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். கைபேசியில் பெஞ்சமினின் வழக்கமான மாலை விசாரிப்பு வந்தது: 'தலைவரே, கேம் எப்படி ஓடுது?'

'அருமையா ஓடுது, ஒரு தடங்கலும் இல்ல' என்று பதில் போட்டார். அதில் பொய் எதுவும் இல்லை. அந்த உயர்ந்த கார்டு தன் கடமையில் இம்மியும் பிசகவில்லை. இந்தப் பக்கத்துப் பிடியில் யுகேந்திரன் நிற்பதையும், அந்தப் பக்கத்துப் பிடியில் ஒருவரும் இல்லாததையும், வினாடிக்கு அறுபது முறை, துல்லியமாகக் காட்டிக்கொண்டே இருந்தது.