மேற்படி கார் பறந்த விவகாரம்

அரசாங்கம் என்று ஒன்று ஏற்பட்ட நாளிலிருந்து, உலகத்தில் உள்ள எந்தப் பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு. பெயருக்கு ஓர் இலாகா உண்டு. இலாகாவுக்கு ஓர் அதிகாரி உண்டு. அதிகாரிக்கு மதியச் சாப்பாட்டு வேளை உண்டு. இந்த ஏற்பாட்டில் எங்கேயும் போய் இடித்துக்கொள்ளாதவன் நிம்மதியாக வாழ்ந்து நிம்மதியாகச் சாகிறான். எய்னோ ரௌட்டியோவும் நாற்பது வயதுவரை அப்படித்தான் இருந்தான்.

கொலம்பியா ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, தென்கரையில், ஹெரான் லேண்டிங் என்ற மீன்பிடி ஊர். அங்கே அவனுக்குப் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் வேலை. ஊரில் பாதிப்பேர் அவனைப் போலவே பின்லாந்துக்காரர்கள். சால்மன் பிடிப்பார்கள், சனிக்கிழமை நீராவிக் குளியல் போடுவார்கள், அவசியமில்லாமல் வாய் திறக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில், 1930-ஆம் வருஷத்துக் குளிர்காலம் முழுக்க, எய்னோ தன் வலைக் கொட்டகையில் ஒரு விமானம் கட்டினான். துடுப்புச் செய்கிற மரத்தில் எலும்புக்கூடு. பழைய ஃபோர்டு காரிலிருந்து கழற்றிய எஞ்சின். இறக்கைக்குத் துணி தைத்தவள் அவன் மனைவி ஹில்யா. பகலெல்லாம் மீன் ஆலையில் நின்று டின் அடைத்துவிட்டு வந்து, சாயங்காலம் ஊசியை எடுப்பாள்.

"எதுக்குக் கட்டுறே?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள்.

"பறக்கணும்."

"சரி. தையல் நெருக்கமாப் போடவா, எட்டிப் போடவா?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தென்கரை மாநிலம் இந்த விஷயத்தில் தாராளம். வீட்டில் கட்டியதானாலும் பரிசோதகர் பார்த்துச் சரி என்றால் சரி. பரிசோதகர் ஆம்ஸ்டென் வந்தார். இறக்கையைத் தட்டினார், வாலை ஆட்டினார், ஹில்யா சுட்ட ஏலக்காய் ரொட்டியைக் காபியில் தோய்த்துத் தின்றார். பிறகு எழுந்து நின்று, "சட்டப்படி இது ஒரு விமானம்" என்றார். எய்னோ கொட்டகைக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தான். கல்யாணத்தில்கூட அவன் மூக்கைச் சிந்தியதில்லை.

வடகரை வேறு மாநிலம், வேறு ஞானம். தொழிற்சாலையில் பிறந்தது மட்டுமே அங்கே விமானம். வீட்டில் பிறந்தது பிடிபட்டால் அந்த இடத்திலேயே கொளுத்திவிட வேண்டும் என்பது விதி. ஆக, எய்னோவின் வண்டி இந்தக் கரையில் விமானம், அந்தக் கரையில் விறகு. நடுவில் ஓடிய ஆறு இதைப் பற்றி ஒன்றும் கருதாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மூடுபனிக்கு மாநில எல்லை தெரியாது. வசந்தகாலத்தில் ஒருநாள் எய்னோ ஆற்றின்மேல் பறந்துகொண்டிருந்தபோது, கடலிலிருந்து பனி கிளம்பி வந்து தென்கரையை மொத்தமாக விழுங்கிவிட்டது. வடகரை மட்டும் வெயிலில் பச்சைப்பசேல் என்று கிடந்தது. பெட்ரோல் குறைந்துகொண்டே வந்தது. உயிரா சட்டமா என்று வந்தால் பின்லாந்துக்காரனும் உயிரைத்தான் எடுப்பான். ஒரு மேய்ச்சல் நிலத்தில் இறங்கினான். நிலத்துக்குச் சொந்தக்காரி, ஓப்பல் டிராஸ்க் என்ற பால் பண்ணைக்காரி, வாளியோடு வந்தாள்.

"எஞ்சினை அணை. மாடு மிரண்டு பால் சுரக்கமாட்டேங்குது" என்றாள். அணைத்தான். "சாப்பிட்டியா?" என்றாள்.

வந்தவனுக்கு முதலில் சாப்பாடு என்று அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. ஆனால் மறுநாள் காலையில், தன் சொந்த ஃபோர்டு காரில், ஒரு மண்ணெண்ணெய் டின்னோடு வடகரைப் பரிசோதகர் விப்பிள் வந்து சேர்ந்தார். சேதி கேட்டு முதல் படகில் ஹில்யாவும் வந்துவிட்டாள்.

"இது என்ன?" என்றார் விப்பிள்.

"விமானம் சார்" என்றான் எய்னோ.

"எந்தத் தொழிற்சாலை?"

"எங்க வலைக் கொட்டகை."

"அப்ப இது விமானம் இல்ல."

"சரிங்க சார்."

"அனுமதியில்லாத விமானத்தைக் கொளுத்தணும். விதி அப்படி. எனக்கு உன்மேல ஒரு கோபமும் கிடையாது."

ஒரு குளிர்காலம் முழுக்கச் செதுக்கிய மரம். எய்னோ இறக்கையின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். ஹில்யாதான் வாய் திறந்தாள்.

"இப்பத்தானே விமானம் இல்லன்னு சொன்னீங்க?"

"ஆமா. சொன்னேன்."

"விமானம் இல்லாததை விமானம்னு கொளுத்துவீங்களா?"

விப்பிள் டின்னைக் கீழே வைத்தார். இப்படிப்பட்ட கேள்விகளுக்கு அவர் மரியாதை கொடுக்கிறவர். காகிதத்தை எடுத்து, "சரி, ஆரம்பத்துலேருந்து எழுதுவோம். இந்தப் பொருள் இங்க எப்படி வந்துச்சு?" என்றார்.

"பறந்து வந்துச்சு" என்றான் எய்னோ.

பேனா நின்றது. விப்பிளின் முகத்தில் முதல்முறையாக மனிதக் கவலை தெரிந்தது. "அப்படிச் சொல்லாதே. என் எல்லைக்குள்ள கள்ள விமானம் ஒண்ணுகூடப் பறக்கலைன்னு மாசாமாசம் தலைநகருக்கு எழுதிட்டிருக்கேன். போன வாரம்தான் பாராட்டு வந்துச்சு."

"அப்ப இதைக் கொளுத்தினா, எதைக் கொளுத்தினேன்னு எழுதுவீங்க சார்?" என்றாள் ஹில்யா. குரலில் துளிக்கூடக் கேலி இல்லை. அதுதான் அவரை வீழ்த்தியது.

விப்பிள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தார். "இது ஃபோர்டு எஞ்சின்தானே?"

"ஆமா சார்."

"சக்கரம் இருக்கு. உட்கார இடம் இருக்கு. திருப்பறதுக்குப் பிடி இருக்கு." பெருமூச்சு விட்டார். பெரிய பாரம் இறங்கிய பெருமூச்சு. "ஏம்மா, இது கார்."

வீட்டில் கட்டிய விமானத்துக்குத்தான் அந்த மாநிலத்தில் தடை. வீட்டில் கட்டிய காருக்குத் தடை விதிக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அதைவிட முக்கியம், கார் என்பது வேறு இலாகா. விப்பிளே முன்னின்று பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஹாரன் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஓப்பல் டிராஸ்க் தன் பால் லாரியில் கிடந்த பழைய ஹாரனைக் கழற்றிக் கொடுத்தாள். மேய்ச்சல் நிலத்துக்கே வந்து வாலில் நம்பர் தகடு அடித்தார்கள். இறக்கை எதற்கு என்று ஒரு குமாஸ்தா கேட்டான். "மழைக்கு" என்றார் விப்பிள்.

"இப்ப நான் இதை எப்படி சார் வீட்டுக்குக் கொண்டு போறது?" என்றான் எய்னோ.

"உன் கார். நீ எப்படி வேணா ஓட்டிட்டுப் போ. காரை அண்ணாந்து பார்க்கிற வழக்கம் எங்க ஆபீஸ்ல இல்ல."

சொல்லிவிட்டு அவர் மாடுகளைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவர் முதுகுக்குப் பின்னால் மேற்படி கார் ஓடி, எழும்பி, வேலியைத் தாண்டி, ஆற்றின்மேல் போனது. விப்பிள் குனிந்து ஷூ நாடாவைச் சரிசெய்தார்.

தென்கரையில் ஆம்ஸ்டென் காத்திருந்தார். வாலில் அடித்த தகட்டைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. அண்டை மாநிலம் முத்திரை குத்திக் கார் என்று சொன்ன பொருளை விமானம் என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. விமான உரிமத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ரொட்டியை மட்டும் மறுக்கவில்லை.

"பறக்கலாமா சார், கூடாதா?" என்றான் எய்னோ.

"கார் பறந்தா அது சாலைக்காரங்க பிரச்சினை. அவங்க புத்தகத்துல வேகத்துக்கு வரம்பு இருக்கு. உயரத்துக்கு ஒண்ணும் காணோம்."

ஆக எய்னோ இரண்டு கரையிலும் இஷ்டம்போல் பறந்தான். ஆனால் சாப்பாட்டு மேஜையில் உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டே உட்கார்ந்திருப்பான்.

"பறக்குதுல்ல?" என்பாள் ஹில்யா.

"பறக்குது."

"அப்புறம் என்ன?"

"கார்னு சொல்றாங்களே."

அவள் தைத்தது இறக்கை. மழைக்கு மறைப்பு என்று நினைத்து அவள் தைக்கவில்லை.

இதற்குள் ஊருக்குப் பறவைக் காய்ச்சல் பிடித்துவிட்டது. நோய் அல்ல, மோகம். முதலில் தொற்றியது பல் வைத்தியர் பிட்வெல்லுக்கு. தோல் தொப்பியும் பறக்கும் கண்ணாடியும் வரவழைத்தார். அதைப் போட்டுக்கொண்டே பல் பிடுங்கினார்; நோயாளிகள் முன்னைவிட நன்றாக வாயைத் திறந்தார்கள். அப்புறம் காபிக்கடையில் கண்ணாடி போடாமல் உட்காருவது அநாகரிகமாகிவிட்டது. சூப்பின் ஆவியில் கண்ணாடி மங்கிப்போய், எதிரே இருப்பவர் யார் என்று தெரியாமலே ஊர் வம்பு பேசினார்கள். 'பறக்கும் கனவான்கள் கழகம்' ஏற்பட்டது. ஏராளமான உறுப்பினர், வாராவாரம் விருந்து. வானத்தில் மட்டும் எய்னோ தனியாகத்தான் இருந்தான். அவனைக் கழகத்தில் சேர்க்கவில்லை. அவனிடம் தோல் தொப்பி இல்லை.

கழகத் தலைவர் சொந்தமாகப் பறக்காமல் இருந்தால் அழகா? பிட்வெல் பெரிய தொழிற்சாலையிலிருந்து பளபளவென்று ஒரு விமானம் தருவித்தார். வந்த பிறகுதான் தெரிந்தது, அதை ஓட்டப் பரீட்சை எழுத வேண்டும், ஓட்டிக் காட்ட வேண்டும். எழுதினார். தேறவில்லை. மறுபடியும் எழுதினார். மறுபடியும் தேறவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால், பரீட்சையே இல்லாத எய்னோ ஹாரன் அடித்துக்கொண்டு கூரைக்கு மேலே போகிறான்.

நீதி உணர்ச்சி இப்படித்தான் பிறக்கிறது. கழகத்தார் ஆலை வாசலில் மேஜை போட்டு ஒரு மனு வைத்தார்கள். 'காரானாலும் விமானமானாலும் எல்லாருக்கும் ஒரே விதி.' பக்கத்திலேயே இலவசமாகச் சால்மன் வறுவல். சமத்துவத்துக்கு அந்த ஊரில் அவ்வளவு ஆதரவு இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. பாதிரியார் கையெழுத்துப் போட்டார், டாக்டர் போட்டார், படகில் வந்த ஓப்பல் டிராஸ்க்கும் போட்டாள்.

இரண்டு மாநிலங்களும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. இதில் ஒத்துப்போயின. ஆம்ஸ்டெனும் விப்பிளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து கூட்டாக உத்தரவு தயாரித்தார்கள். அதை விப்பிளே தன் ஃபோர்டைப் படகில் ஏற்றிக்கொண்டு நேரில் வந்து, தேவாலய வாசலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வாசித்துக் காட்டினார்:

"கார் பறக்கக்கூடியது என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகிவிட்டபடியாலும், பறக்கிற காரையும் இதுவரை பறக்காத காரையும் வெளித்தோற்றத்தால் பிரித்தறிய இயலாதபடியாலும், பொதுமக்களே மனுவின் மூலம் ஒரே விதி கோரியிருக்கிறபடியாலும், இரு மாநிலங்களிலும் உள்ள தொழிற்சாலைக் கார்கள், லாரிகள் அனைத்தும் இன்றுமுதல் விமானங்களாகக் கருதப்படும். பறப்புப் பரீட்சையில் தேறாத எவரும் அவற்றை ஓட்டலாகாது."

டாக்டர், "நான் நோயாளி வீட்டுக்கு எப்படிப் போறது?" என்றார்.

"பரீட்சை எழுதிட்டுப் போங்க. வசந்தகாலத்துல ஒருதடவை, இலையுதிர்காலத்துல ஒருதடவை நடக்கும்."

"எனக்கு ஏணியில ஏறினாலே தலை சுத்துமே" என்றார் பாதிரியார்.

"அதைப் பரீட்சையில பார்த்துக்குவாங்க."

ஊரே நடந்து வீடு திரும்பியது. ஹில்யாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "எந்த மடையங்க இதுல எல்லாம் கையெழுத்துப் போட்டாங்க?"

எய்னோ செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

"நீ போட்டியா?"

"மொதல் கையெழுத்தே நான்தான்."

அவள் நின்றுவிட்டாள்.

"ஒரே விதின்னா, இதையும் விமானம்னு எழுதிடுவாங்கன்னு நெனச்சேன்" என்றான் எய்னோ.

அவனைத் திட்ட எடுத்த வார்த்தையை ஹில்யா விழுங்கிக்கொண்டாள். கையைப் பிடித்து, தேவாலய வாசலுக்கே திரும்ப இழுத்துப் போனாள். விப்பிள் காகிதங்களை மடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அப்ப எங்களது? அது இப்ப விமானம்தானே?"

விப்பிள் உத்தரவைப் பிரித்து விரலால் வரிவரியாகத் தடவினார். "தொழிற்சாலைக் கார்கள்னு தெளிவா இருக்கு. உங்களது வீட்டுல செஞ்சது. அதனால விமானம் இல்ல."

"கார்தானா அப்ப?" என்றான் எய்னோ.

"கார் எல்லாம் விமானம் ஆயிடுச்சே. கார்ங்கிற இனமே இப்ப கிடையாது."

"பின்ன இது என்ன சார்?"

விப்பிள் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே அடியில் ஒரு சொல் இருந்தது. "இதர" என்று வாசித்தார். "இதரவுக்குப் பரீட்சை இல்ல. கட்டுப்பாடும் இல்ல. எங்க வேணாப் போகலாம்."

அந்த வாரம் முழுக்க இரண்டு மாநிலங்களிலும் விமானங்கள் எல்லாம் வீட்டு வாசலில் தூசி படிந்து நின்றன. வானத்தில் போனது ஒன்றுதான், விமானமல்லாத ஒன்று. ஓப்பல் டிராஸ்க்கின் பால் கேன்களை எய்னோ அதில் கட்டித் தூக்கிவந்து இறக்கினான். டாக்டரைப் பிரசவ வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டான். பாதிரியாரைக் கண்ணைக் கட்டி ஏற்றிப்போய் ஒரு கல்யாணத்தை நடத்தவைத்தான். முதல்முறையாக அவன் வண்டியைப் பார்த்து ஊர் "விமானம்" என்று சொன்னது. சொன்னவர்களை அவனே, "சத்தமாச் சொல்லாதீங்க, பிடிச்சிருவாங்க" என்று அடக்க வேண்டியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை வலைக் கொட்டகை வாசலில் வரிசை நின்றது. எல்லாரும் தங்கள் ஃபோர்டுகளைக் குதிரை பூட்டி இழுத்து வந்திருந்தார்கள். அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, கொட்டகையில் வைத்து மறுபடி பூட்டித் தரவேண்டும். வீட்டில் செய்ததாக ஆகிவிடும், 'இதர'வில் சேர்த்துவிடலாம் என்று யாரோ சட்டம் படித்தவர் சொல்லியிருந்தார். வரிசையின் முதலில் தோல் தொப்பியோடு பல் வைத்தியர் பிட்வெல்.

எய்னோ திருப்புளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். வரிசையின் கடைசியில் நின்றவரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"நீங்களுமா சார்?"

விப்பிள் தன் ஃபோர்டின்மேல் சாய்ந்து நின்றார். உத்தரவு வாசிக்க வந்த நாளிலிருந்து அவர் வீடு திரும்பவில்லை. தாடி முளைத்திருந்தது.

"கொஞ்சம் சீக்கிரம் பாருப்பா" என்றார். "நானும் அந்தப் பரீட்சையில தேறினதில்ல."