ஊருக்கு ஒரு முன்னோடிக் குடும்பம்

“இந்தாங்கோ மிஸ்ஸி, உங்கடை அட்டையை நீங்களே வைச்சிருங்கோ” என்று கிளினிக் அட்டையை மேசையில் போட்டாள் ஜூலியட். “உங்கடை சொல்லைக் கேட்டு நான் வீட்டைத் துலைச்சதுதான் மிச்சம்.”

றோசம்மா ஊசி மருந்துப் பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்கு வயது ஐம்பத்தேழு. முழங்காலுக்கு எழுபத்தைந்து இருக்கும். பேசாலைக்கு அங்கால், தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பிய சனம் குடியிருக்கும் இந்த மணற்காட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும் மருத்துவமாது அவள்தான். சைக்கிளில் ஏறி ஓடலாம் என்றால் அந்த மணல் விட்டால்தானே!

“என்னடி நடந்தது? இருந்து சொல்லு.”

“என்னத்தை இருக்கிறது? வீட்டுத் திட்டப் பட்டியல் விதானையார் கந்தோர்ச் சுவரிலை ஒட்டியாச்சு. எங்கடை பேர் இல்லை. ஐஞ்சு பேராவது இருக்கிற குடும்பத்துக்குத்தானாம் வீடு. நாங்கள் நாலு பேர். மூண்டாவதைப் பெறப்போறன் எண்டு உங்களட்டை வந்து கேட்டனான். என்ன சொன்னனீங்கள்?”

என்ன சொன்னாள் என்பது றோசம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ‘பொறு பிள்ளை, முதல் ஒரு வீடு வரட்டும்’ என்று சொல்லியிருந்தாள்.

ஜூலியட் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருக்கலாம். திரும்பிப் போய்விட்டாள். மாரி தொடங்க இன்னும் இரண்டு மாதம். தறப்பாள் கொட்டிலுக்குள் இரண்டு பிள்ளைகளோடு இன்னொரு மழைக்காலம் என்றால் என்ன என்பது போன வருஷம் அங்கே முழங்காலளவு தண்ணீரில் நின்று ஊசி போட்டவளுக்குத் தெரியாதா?

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் றோசம்மா வேலைக்கு வந்தபோது இந்தப் பக்கத்தில் குடும்பத் திட்டம் என்று வாய் திறக்கவே ஆளில்லை. முதல்முதல் வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் அவள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இன்னொரு வீட்டில் மீன் கழுவின தண்ணீரை ஊற்றினார்கள். பூசை முடிந்து கோயிலுக்கு வெளியே வந்தால் பெண்கள் அவளைக் கண்டு ஒதுங்கிப் போனார்கள். அதெல்லாம் பரவாயில்லை. யுத்தம் முடிந்த பிறகு போய் நின்றால் நாயும் இல்லை, தண்ணீரும் இல்லை. “செத்துப்போன சனத்துக்கு ஆர் ஈடு மிஸ்ஸி?” என்று ஒரே ஒரு கேள்விதான். போனதுகளில் எத்தனையோ அவள் கையில் பிறந்ததுகள்.

அந்த மணற்காட்டில் அவள் சொல்லைக் கேட்டு நடந்தவள் ஜூலியட் ஒருத்திதான். அவளுக்கும் இப்படி ஒரு பரிசு.

அன்று வீட்டுக்குப் போனதும் றோசம்மா வீட்டுத் திட்டக் கந்தோருக்கு ஜூலியட்டின் பெயரைச் சொல்லி ஒரு கடிதம் எழுதினாள். ‘அரசாங்கம் சொன்னதைக் கேட்டு இரண்டோடு நிறுத்தின குடும்பத்துக்கு அரசாங்கமே வீடு இல்லை என்றால், நான் எந்த முகத்தோடு இனி அந்தப் பெண்கள் முன்னால் போய் நிற்பது?’ என்று கேட்டிருந்தாள். உத்தியோகக் கடிதத்தில் முகத்தைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தாள். எழுதியாகிவிட்டது, கிடக்கட்டும் என்று தபாலில் போட்டாள்.

மூன்று கிழமை ஒரு சத்தமும் இல்லை. பிறகு கிராம அலுவலரான விதானையாரின் கந்தோரில் ஒரு அறிவித்தல் வந்தது. பட்டியலில் விடுபட்ட குடும்பங்களின் அங்கத்தவர் தொகையை உறுதிப்படுத்த உத்தியோகத்தர் ஒருவர் வியாழக்கிழமை காலை நேரில் வருவார் என்றிருந்தது.

“தலையை எண்ண வாறாங்கள்” என்றாள் ஜூலியட். “எண்ணினால் நாலு. திரும்பவும் இல்லை எண்டு எழுதிப்போட்டுப் போவாங்கள்.” கொஞ்சம் பொறுத்து, குரலை இறக்கி, “மிஸ்ஸி, ஒரே ஒரு தலைதானே குறையுது?” என்றாள்.

“அதுக்கு?”

“கிருஷாந்தினி அக்காவிட்டை ஏழு கிடக்கு.”

கிருஷாந்தினி போன மாதம்தான் முகாமிலிருந்து வந்தவள். கடைசிக் கொட்டில் அவளுடையது. பதிவு இன்னும் முழுதாக முடியாததால், ‘உங்களுக்கு அடுத்த வருஷம்தான்’ என்று விதானையார் சொல்லிவிட்டார். புருஷன் பேசாலையில் வலைக்குப் போகிறவன். ஏழில் மூத்ததற்குப் பதினொன்று, கடைசிக்கு மூன்று.

“உனக்கென்ன விசரா? நான் அரசாங்க உத்தியோகத்தி” என்றாள் றோசம்மா.

“அப்ப என்ரை பிள்ளையளை மழைக்குள்ளை விடுங்கோ.”

அன்று மாலையே றோசம்மா கடைசிக் கொட்டில் வாசலில் போய் நின்றாள்.

“ஒண்டென்ன மிஸ்ஸி, ரெண்டா எடுத்துக்கொண்டு போங்கோ” என்றாள் கிருஷாந்தினி. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. “மாதாவே, பதினொரு வருஷமா நான் ஒருநாள் கண்மூடி நித்திரை கொள்ளேல்லை.”

அவள் சொன்னதுபோல இரண்டாகத்தான் போயிற்று. கடைசிப் பெண் டிலானி, தன் அக்காவை விட்டு ஒரு அடி நகரமாட்டேன் என்று மண்ணில் புரண்டது.

அந்த ஊரில் இரகசியம் என்றால் கிணற்றடிவரைக்கும்தான். புதன்கிழமை விடிய சந்தியோகு வந்து நின்றார். அவர் வீட்டில் அவரும் மனிசியும் ஒரு மகளும்.

“ஜூலியட்டுக்கு மட்டும் ஏற்பாடு செய்யிறியள். நாங்கள் என்ன, வேறை வேதமே?”

இரண்டு பிள்ளை அங்கே போயிற்று. பின்னாலேயே ஜெகதீபன் வந்தான்.

“உனக்குக் கலியாணம் கட்டி எட்டு மாதம்தானேடா!” என்றாள் றோசம்மா. “பதினொரு வயதிலை பிள்ளை எங்காலை வந்தது எண்டு கேட்டால்?”

“அதை நான் சொல்லிக்கொள்ளுவன் மிஸ்ஸி. நீங்கள் பிள்ளையை மட்டும் தாங்கோ.”

மூன்று பிள்ளை அவனுக்கு. எது எங்கே போகிறது என்று ஆளுக்கு ஆள் சண்டை பிடிக்கக்கூடாதே என்று றோசம்மாவே தடுப்பூசி அட்டையின் பின்புறத்தில் பெயர் எழுதிப் பிரித்துக் கொடுத்தாள். வாழ்க்கை முழுக்கப் பிள்ளையைக் குறை, குறை என்று சொல்லி அலுத்தவள், ஓய்வுபெறப் போகிற நேரத்தில் வீட்டுக்கு வீடு பிள்ளை விநியோகம். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை. முழங்கால்தான் வலித்தது.

வியாழன் காலை பத்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினவர் ஜுனைட் என்ற இளம் உத்தியோகத்தர். மரியாதையான பிள்ளை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கொட்டிலுக்குள் வந்தார். கையில் ஒரு பைல்.

நான்கு பிள்ளைகளும் முகத்தில் பவுடரோடு வரிசையாக நின்றன. ஜூலியட்டின் சொந்த மகன், “இதுகள் எங்கடை வீட்டுக்காரர் இல்லை” என்று தொடங்கினான். ஜூலியட் அவன் வாயில் ஒரு விசுக்கோத்தைத் திணித்தாள்.

ஜுனைட் புருஷன்காரன் அருட்பிரகாசத்தைப் பார்த்தார். “கடைசிப் பிள்ளையின்ரை பேர் என்ன?”

அருட்பிரகாசம் றோசம்மாவைப் பார்த்தான். றோசம்மா கூரையைப் பார்த்தாள்.

“வீட்டிலை... செல்லமா மணி எண்டு கூப்பிடுறது” என்றான்.

“எனக்குப் பேர் டிலானி” என்றது அது.

“ஓமோம், டிலானி!”

“எந்த மாதம் பிறந்தவ?”

“நான் கடலுக்குப் போற ஆள் ஐயா. உதெல்லாம் மிஸ்ஸியைக் கேளுங்கோ.”

ஜுனைட் பைலைப் புரட்டினார். உள்ளே தன் கையெழுத்தில் தன் கடிதம் இருப்பதைக் கண்டதும் றோசம்மா ஜூலியட்டுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“மிஸ்ஸி, இதிலை ரெண்டு பிள்ளையள் எண்டு எழுதியிருக்கிறியள். போன மாதக் கடிதம்தானே?”

“ஓம் தம்பி.”

“இப்ப நாலு நிக்குது.”

“பிறகு... கூடிப்போச்சு.”

“ஒரு மாதத்திலையோ?”

ஜூலியட்டின் கை றோசம்மாவின் சீலைத் தலைப்பைப் பின்னால் இறுக்கிப் பிடித்திருந்தது. இத்தனை வருஷத்தில் றோசம்மா ஒரு பதிவிலும் பொய் எழுதினதில்லை. பிறந்த நேரத்தைக்கூட ஐந்து நிமிஷம் கூட்டிக் குறைத்ததில்லை.

“இந்த ரெண்டும் இந்தியாவிலை சொந்தக்காரரோடை நிண்டதுகள்” என்றாள். “இப்பதான் வந்து சேர்ந்ததுகள். நான் சொல்லுறன், மொத்தம் ஆறு பேர்.”

ஜுனைட் அவளை ஒருதரம் பார்த்தார். குடும்பங்கள் துண்டு துண்டாக வந்து சேர்கிற காலம், அவர் நம்பிவிட்டார். “நீங்கள் சொன்னால் சரி மிஸ்ஸி” என்று எழுதினார். ஏனோ முகம் வாடியிருந்தது. அடுத்ததாகச் சந்தியோகு வீட்டுக்குப் போனார்.

ஜூலியட் றோசம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். பால் விடாத பிளேன்ரீ வந்தது. றோசம்மா கொட்டிலில் கிடந்த ஒற்றைக் கதிரையில் உட்கார்ந்து அதை ஆறுதலாகக் குடித்தாள். பொய் சொன்ன வாய்க்கு அது கசக்கவும் இல்லை. வெட்கம் இருந்தது, ஆனால் அதைவிட நிம்மதி பெரிதாக இருந்தது.

ஒரு மணித்தியாலம் கழித்துச் சைக்கிளை உருட்டிக்கொண்டு சந்திக்கு வந்தபோது ஜுனைட் புளியமரத்தடியில் பைலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“மிஸ்ஸி, உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும்” என்றார். “உங்கடை கடிதத்தை எங்கடை பெரியவர் கூட்டத்திலை வாசிச்சவர்.”

“ஓ...”

“சின்னக் குடும்பங்களுக்கெண்டு பத்து வீடு தனியா ஒதுக்கியாச்சு. பதிவு முடியாட்டிலும் பரவாயில்லை, நாலு பேருக்கு மேலை இருக்கக்கூடாது. ‘முன்னோடிக் குடும்பம்’ எண்டு பேரும் வைச்சிருக்கு. ஊருக்கு ஒண்டு. அதுக்குத்தான் இண்டைக்கு வந்தனான்.”

றோசம்மா சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். “ஏன் தம்பி, முதலே சொல்லியிருக்கலாமே?”

“எப்பிடிச் சொல்லுறது மிஸ்ஸி? சொன்னால் ஊரெல்லாம் பிள்ளையளை ஒளிச்சுப்போடுவாங்கள். உங்கடை ஜூலியட் அக்காவுக்குத்தான் எழுதலாம் எண்டு ஆசையோடை வந்தன். பாத்தால் ஆறு பேர். அவையள் இனி மற்றப் பட்டியலிலைதான். அடுத்த வருஷம், இன்ஷா அல்லாஹ். சந்தியோகு ஐயா வீட்டிலை ஐஞ்சு. கலியாணம் கட்டி எட்டு மாதமான பொடியனிட்டை மூண்டு பிள்ளையள், நான் ஒண்டும் கேக்கேல்லை.”

அட கோதாரி! தான் எழுதின உண்மை வீட்டைக் கொண்டுவந்து வாசலில் வைத்திருக்கிறது. தான் சொன்ன பொய் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. அடுத்த வருஷத்துக்கு முன்னால் ஒரு மாரி கிடக்கிறது. றோசம்மா சைக்கிளைப் புளியமரத்தில் சாத்தினாள்.

“தம்பி, கொஞ்சம் நில்லுங்கோ” என்றாள். “நான் பொய் சொல்லிப்போட்டன். அது ரெண்டும் அவளின்ரை பிள்ளையள் இல்லை. அவையள் நாலு பேர்தான். என்னிலை என்ன நடவடிக்கை எண்டாலும் எடுங்கோ, பென்சனை வேணுமெண்டாலும் நிப்பாட்டுங்கோ. அந்த வீட்டை அவளுக்கு எழுதுங்கோ, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

ஜுனைட் கட்டின பைலை மோட்டார் சைக்கிளில் வைத்தார்.

“இப்ப சொல்லி என்ன மிஸ்ஸி? அந்த வீட்டை எழுதிக் கையெழுத்தும் வாங்கியாச்சு.”

“ஆருக்கு?”

“கடைசிக் கொட்டிலுக்கு மிஸ்ஸி. இந்த ஊரிலை ஒரு பிள்ளையின்ரை சத்தமும் இல்லாத வீடு அது ஒண்டுதான். அந்த அக்கா பாயிலை நல்ல நித்திரை, எழுப்பிப் பிள்ளையள் எத்தினை எண்டு கேட்டன், ‘அதெல்லாம் றோசம்மா மிஸ்ஸிக்குத்தான் தெரியும்’ எண்டு சொல்லிக் கையெழுத்தைப் போட்டிட்டுத் திரும்பிப் படுத்திட்டா.”