ஹீட்டர் கழட்டிய பாவம்

"ஐயோ, சுடுது! காலு, காலு!"

ஜெயப்பிரியா போட்ட சத்தத்தில் குமரகுரு பிரேக்கை ஓங்கி மிதித்தார். குமணன்சாவடி சந்திப்பில் பின்னால் வந்த பஸ் டிரைவர் அவருடைய பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக வெந்நீர் விழுந்துகொண்டிருந்தது. பாதம் சிவந்துவிட்டது. கல்யாணத்துக்கென்று கட்டிய மாம்பழக் கலர் பட்டில் துருக்கறை வேறு.

"ஹீட்டர் பைப் லேசா கசியுதும்மா, அவ்வளவுதான்."

"சென்னையில எவனாவது கார்ல ஹீட்டர் வெச்சுக்கிட்டு அலைவானா? மார்கழியிலயே ஃபேன் போட்டுத் தூங்குறோம். கழட்டிக் கடாசுங்க அதை!"

"ஹீட்டரைத் தொடக்கூடாது!"

சொன்ன வேகம்தான் அவளை உறுத்தியது. குழம்பில் உப்பில்லை என்பதையே மென்று விழுங்கிச் சொல்கிற மனுஷன் அவர்.

அந்தக் கார் ஒரு பழைய பியட். ஊட்டியில் ஒரு எஸ்டேட் மேனேஜரிடமிருந்து ஆசை ஆசையாக வாங்கி வந்தது. அம்பத்தூர் ஃபிளாட்டின் பார்க்கிங்கில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். வானம் லேசாகக் கறுத்தாலும் வெளியே எடுக்கமாட்டார், தூறல் பட்டால் துருப்பிடிக்குமாம். வெயில் அடிக்கும் நாளில் மட்டும் ஓடுகிற வண்டிக்கு ஹீட்டர்! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

குமரகுருவுக்குச் சர்க்கரை வியாதி. அவருடைய அப்பாவுக்கு அதே சர்க்கரையில் ஒரு கால் போனதை ஜெயப்பிரியா பக்கத்தில் இருந்து பார்த்தவள். அந்தப் பயத்தில் வீட்டில் சீனி டப்பாவையே ஒழித்துக்கட்டினாள். எண்ணெய்ச் சட்டி பரணுக்குப் போனது. காலையில் அவரை விரட்டி விரட்டி நடக்க அனுப்பினாள். அவரும் சமர்த்தாகப் பியட்டை எடுத்துக்கொண்டு பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குப் போவார். நடக்கப் போகிறவர் காரில் போவானேன் என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள். சட்டை உடம்போடு ஒட்ட, வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வருவார். பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும்.

ஆனால் சர்க்கரை இறங்கவில்லை. ஏறிக்கொண்டே போனது.

"நல்லா நடக்கிறார்னு சொல்றீங்க. மனசுல ஏதாவது கவலை இருந்தாலும் ஏறும்மா," என்றார் டாக்டர்.

கவலையா? என்ன கவலை? எவளால் கவலை?

எதிர் ஃபிளாட் சபீனாவிடம் மனசு பொறுக்காமல் சொன்னாள்.

"யோசிங்கக்கா. ஹீட்டர் எங்க தேவைப்படும்? மலைமேல. அண்ணன் யாரையாவது ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போகப் பாக்குறாரோ என்னமோ. நான் ஒண்ணும் சொல்லலப்பா," என்றாள் சபீனா. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் அவள் அப்படிச் சொல்வது வழக்கம்.

குமரகுரு ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போன அன்றே மெக்கானிக் ஜம்புலிங்கத்தை வரவழைத்தாள் ஜெயப்பிரியா.

"வாணாம்மா, சாரு கோச்சுக்குவாரு," என்று தலையைச் சொறிந்தார் ஜம்புலிங்கம். "போன தபா கழட்டிர்லாமான்னு கேட்டதுக்கே என் கையப் புடிச்சிகினு கெஞ்சினாரு."

"கெஞ்சினாரா? என்னன்னு?"

"'அதுல மட்டும் கை வெக்காத ஜம்பு, என் குடும்பமே அதாலதான் ஓடுது'ன்னாரு."

குடும்பமா? எந்தக் குடும்பம்?

"கழட்டுங்க!" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு ஜம்புலிங்கம் ஸ்பேனரைக் கீழே போட்டுத் திரும்ப எடுத்தார். அரைமணி நேரத்தில் ஹீட்டர் கோணிக்குள் போனது.

ஊரிலிருந்து திரும்பிய குமரகுரு கோணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு இழவு வீட்டில் நிற்பதுபோல நின்றார்.

"யாரைக் கேட்டுக் கழட்டின?"

"ஏன், யாராவது குளிர்ல நடுங்குறாங்களா?"

அவர் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

மறுநாள் ஏரிக்கரையிலிருந்து சலவைக்குப் போட்டு எடுத்த சட்டை மாதிரி காய்ந்துபோய் வந்தார்.

"என்னங்க, வேர்க்கவே இல்ல? நடந்தீங்களா இல்லையா?"

"ஏரிக்காத்தும்மா. செம காத்து."

"அப்ப நாளையிலிருந்து இன்னும் ரெண்டு சுத்து கூட நடங்க."

"சரிம்மா," என்றார் உடனே. முகத்தில் ஒரு மலர்ச்சி. வழக்கமாக முனகுகிற ஆள் மலர்ந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அதற்கடுத்த நாள் தொப்பலாக நனைந்து வந்தார். நிம்மதியாகத் துண்டை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சட்டை ஜில்லென்று இருந்தது! வேர்வை நாற்றம் கொஞ்சமும் இல்லை. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"சபீனா, குளிச்சிட்டு வர்றாருடி! எவ வீட்டுலயோ தலைக்குக் குளிச்சிட்டு வர்றாரு!"

"துவட்டக்கூட இல்லையாக்கா? அவ்வளவு உரிமையா?"

அன்று ஜெயப்பிரியாவுக்குச் சோறு இறங்கவில்லை. இவர் கால் போய்விடக் கூடாதே என்று அவள் கோவில் கோவிலாக ஏறி இறங்க, ஆளே கை நழுவிப் போய்க்கொண்டிருக்கிறாரே! அழுதாள், மூக்கைச் சிந்தினாள், மறுபடியும் அழுதாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தாள்.

மறுநாள் காலை பியட் கிளம்பியதும் பின்னாலேயே ஒரு ஆட்டோ கிளம்பியது. உள்ளே ஜெயப்பிரியாவும், ஒண்ணும் சொல்லாத சபீனாவும். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடைபாதை தொடங்கும் இடத்தைத் தாண்டி ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் பியட் ஒதுங்கியது. அதை மறைத்தாற்போல ஒரு தள்ளுவண்டி. ஆட்டோவைத் தள்ளி நிறுத்தச் சொல்லி இரண்டு பேரும் உள்ளேயே பதுங்கிக் கிடந்தார்கள். ஒரு மணி நேரம் ஆகியும் குமரகுரு நடைபாதைப் பக்கமே வரவில்லை.

"இறங்குங்கக்கா, போய்ப் பாத்துடலாம்," என்றாள் சபீனா.

மரத்தைச் சுற்றிப் போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். காருக்குப் பின்னால் குமரகுரு குனிந்து நின்றிருந்தார். வளையல் போட்ட ஒரு கை அவர் தலையில் பதமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி!" ஜெயப்பிரியா பாய்ந்தாள். "என் புருஷன் தலைக்குத் தண்ணி ஊத்த நீ யாருடி?"

குமரகுரு நிமிர்ந்தார். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. வாய் நிறைய ஏதோ இருந்ததால் பேச முடியவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

சொம்பும் கையுமாகத் திரும்பியவளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தள்ளுவண்டியில் போண்டா போடுகிற பொன்னியம்மா. அவள் ஜெயப்பிரியாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதான் சம்சாரமா? நல்லா கேட்டம்மா நாயத்த! ஹீட்டரு இருந்த வரைக்கும் ரெண்டு பிளேட்டு போண்டா துன்னுட்டு, கண்ணாடிய ஏத்திகினு வண்டியிலயே குந்தி நல்லா வேர்த்துகினு ஊட்டுக்கு வருவாரு. எந்தப் புண்ணியவதியோ அதக் கழட்டிட்டாளாம், நேத்துலேர்ந்து நான்ல ஒரு சொம்பு தண்ணி ஊத்தி அனுப்பிகினு கீறேன்!"